மனப்பாடத்தின் மகள்கள்

என் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதுவும் பேங்குக்காக நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டது. ஆனால் வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று பாரதக் கூத்து அத்தனையும் அவருக்குப் பாடம். ஒவ்வொன்றும் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும் வரைக்கும் நடக்கிற கூத்து. தன் வேஷத்துப் பாட்டு மட்டும் தெரிந்தால் போதாது, எதிரில் நிற்கிறவர் பாட்டும் தெரிய வேண்டும், அவர் எங்கே இழுப்பார், எங்கே நிறுத்துவார், எந்த இடத்தில் தாளம் மாறும் என்பதும் தெரிய வேண்டும் என்பார்.

எங்கள் ஊர் ஆற்காட்டிலிருந்து கலவை போகிற வழியில் இருக்கிறது. 1989இல் ஜில்லாவை இரண்டாகப் பிரித்தார்கள், 2019இல் வேலூரை மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள், இப்போது நாங்கள் ராணிப்பேட்டை மாவட்டம். தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் வட ஆற்காடுதான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தார்கள் என்றால் பாதி ஊருக்கு இவருடைய ஜமாதான் போகும். பெண் வேஷம் கட்டுவார். திரௌபதி, சுபத்திரை, கர்ணன் பெண்டாட்டி பொன்னுருவி.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குப் பல வருஷமாக நினைப்பு. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமலே நாள் போய்விட்டது. வழி கிடைத்தது கிரேக்கப் புராணத்தில். நான் வேலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கும்போது ஒன்றிரண்டு பக்கம் புரட்டுவது பழக்கம், அப்படி ஒரு நாள் கையில் வந்தது ஹெசியட் எழுதிய தியோகனியின் ஆங்கில மொழிபெயர்ப்பு. தெய்வங்களின் பிறப்பைச் சொல்கிற பாட்டு, கிட்டத்தட்ட 2,700 வருஷத்துக்கு முந்தியது. கலைதேவதைகள் ஒன்பது பேர், மியூஸ்கள் என்று பெயர், இவ்வளவு எனக்கு முன்பே தெரியும். அவர்களுடைய அம்மா யார் என்று தெரியாது. அம்மா பெயர் நெமோசினி என்று அதில் போட்டிருந்தது. நெமோசினி என்றால் நினைவு.

அலமாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பாட்டு, ஆட்டம், காவியம், நாடகம் எல்லாவற்றுக்கும் தாய் நினைவு. அழகு இல்லை, காதல் இல்லை, அறிவுகூட இல்லை. எங்கள் வீட்டில் இதை ஒருவரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

கதை இப்படிப் போகிறது. ஒலிம்பஸ் மலைக்குப் பக்கத்தில் பியேரியா என்ற இடத்தில் கிரேக்க தெய்வங்களுக்கெல்லாம் ராஜாவான சியூஸ் ஒன்பது ராத்திரி நெமோசினியோடு இருக்கிறார். ஒரு வருஷம் கழித்து, மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, அவள் ஒன்பது பெண்களைப் பெறுகிறாள். ஒன்பது பேருக்கும் ஒரே மனசு, பாட்டைத் தவிர வேறு எதிலும் நாட்டம் இல்லை. கிளியோ, யூட்டர்பி, தாலியா, மெல்போமினி, தெர்ப்சிகோரி, எராட்டோ, பாலிம்னியா, யூரேனியா, கல்லையோபி. கிளியோவுக்கு வரலாறு, யூட்டர்பிக்குக் குழல், தாலியாவுக்கு நகைச்சுவை, மெல்போமினிக்குச் சோக நாடகம், தெர்ப்சிகோரிக்கு நடனம், எராட்டோவுக்குக் காதல் பாட்டு, பாலிம்னியாவுக்குத் துதிப்பாட்டு, யூரேனியாவுக்கு வானசாஸ்திரம், கல்லையோபிக்குக் காவியம் என்று பள்ளிக்கூடத்துப் பொது அறிவுப் புத்தகத்தில் வருகிற பட்டியல் ரொம்பப் பின்னால், ரோமானியர் காலத்தில் படிந்தது. ஹெசியட் அப்படி இலாகா பிரிக்கவில்லை. கல்லையோபியை மட்டும் எல்லாருக்கும் முதல்வி என்கிறார், அதற்கு அவர் சொல்கிற காரணம் எனக்குப் பிடித்தது. அவள் ராஜாக்களோடு கூட நிற்பவளாம். மியூஸ்களின் பார்வை பட்டுப் பிறந்த ராஜாவின் நாக்கில் தேன் போன்ற பனி இறங்குமாம், அவன் வாயைத் திறந்தால் பெரிய சண்டையும் தீர்ந்துவிடுமாம். ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தாத்தாவை ஏன் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார்கள் என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். அவருக்கு நிலமும் இல்லை, பதவியும் இல்லை. பேச்சு இருந்தது.

இப்போது மியூஸ் என்ற சொல்லை எல்லாரும் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். எழுதுகிறவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான், ஒரு பெண் மெல்ல வந்து அவன் காதில் ஏதோ சொல்வாள், உடனே கவிதை வரும். இன்ஸ்பிரேஷன் என்கிறோமே, அது. இலியட், ஒடிஸி என்ற பழைய கிரேக்கக் காவியங்களைப் பாடிய ஹோமரைப் படித்தால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இலியட் முதல் வரியிலேயே தேவியைப் பாடச் சொல்லிக் கேட்கிறார், ஒடிஸியும் மியூஸைக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறது, அது சரி. ஆனால் அவர் மனம்விட்டு, கெஞ்சிக் கேட்கிற இடம் வேறு. இலியட் இரண்டாம் பகுதியில், டிராய் நகரத்துப் போருக்கு எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் எத்தனை கப்பலில் வந்தார்கள் என்ற பெரிய பட்டியலைச் சொல்ல வேண்டும். 29 படைகள், கூட்டிப் பார்த்தால் 1,186 கப்பல்கள். அதை ஆரம்பிக்கும் முன்னால்தான் மியூஸ்களை அழைக்கிறார். நீங்கள் தேவதைகள், நடந்த இடத்தில் இருந்தவர்கள், எல்லாம் தெரிந்தவர்கள், எங்களுக்குக் காதில் விழுந்த சேதி மட்டும்தான், பத்து நாக்கும் பத்து வாயும் இருந்தாலும் நீங்கள் நினைவூட்டாமல் என்னால் முடியாது என்கிறார். கற்பனை வேண்டும் என்று கேட்கவில்லை. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் தப்பாமல் வர வேண்டும், அதுதான் வேண்டுதல்.

எனக்கு உடனே செங்கம் பக்கத்து நடுகற்கள் ஞாபகத்துக்கு வந்தன. மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயர், அவன் யாருடைய சேவகன், எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல் இல்லாத இடத்தில் ஒருவன் வாயில்தான் அத்தனையும் நின்றாக வேண்டும். பெயர் தப்பினால் செத்தவன் இன்னொரு முறை சாகிறான்.

அந்தக் கப்பல் பட்டியலுக்குள்ளேயே ஒரு சின்னக் கதையை ஹோமர் வைத்திருக்கிறார், படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நெஸ்டர் என்ற ராஜா கொண்டுவந்த 90 கப்பல்களைச் சொல்லும்போது டோரியன் என்ற ஊர்ப் பெயர் வருகிறது. அங்கேதான், திரேஸ் நாட்டுப் பாடகன் தாமிரிஸை மியூஸ்கள் வழிமறித்தார்கள் என்று சொல்லிவிட்டு அவன் கதைக்குப் போகிறார். சியூஸின் மகள்களே பாட வந்தாலும் நான் ஜெயிப்பேன் என்று அவன் பீற்றிக்கொண்டானாம். அவர்கள் கோபத்தில் அவனை ஊனமாக்கினார்கள், பாட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், யாழ் மீட்டுவதையும் மறக்க வைத்தார்கள். நினைவு வேண்டும் என்று கெஞ்சிவிட்டுப் பட்டியலை ஆரம்பித்த பாடகர், பாதி வழியில், நினைவைப் பறிகொடுத்த இன்னொரு பாடகனை நினைத்துக்கொள்கிறார். பயமில்லாமல் அந்த இடத்தை யாரும் பாடியிருக்க முடியாது.

அந்தப் பயம் எனக்குத் தெரியும், பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வேஷம் கட்டும் முன்னால் தாத்தா யாரோடும் பேசமாட்டார். அரிதாரம் பூசும்போது உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். ஒரு தடவை, நான் அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்தேன், மறந்துவிட்டால் என்ன செய்வாய் தாத்தா என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் ராஜ வேஷத்துக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செய்து கட்டுவார்கள், கட்டை என்றே பெயர், அதனால்தான் கட்டைக்கூத்து என்பதும். தாத்தா கண்ணாடியைப் பார்த்தபடியே, "பாட்டு மறந்துட்டா கட்டை மட்டும்தான் மேல கீது கண்ணு, ஆளு இல்ல" என்றார்.

ஆனால் கூத்தில் அந்தப் பயத்துக்கு ஒரு மருந்தும் வைத்திருக்கிறார்கள். பின்பாட்டு. ஆடுகிறவர் ஒரு அடி பாடினால், பின்னால் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது பாட்டைப் பெரிதாக்கிக் காட்டுவது மாதிரி இருக்கும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் வார்த்தை புரியும். ஆடுகிறவருக்கு அது மூச்சு வாங்குகிற நேரம், அடுத்த அடியைத் தேடி எடுக்கிற நேரம். அவருக்கு அடி வரவில்லை என்று தெரிந்தால் பின்பாட்டுக்காரர் அதே அடியை இன்னொரு தரம் எடுப்பார், முகவீணை என்கிற குழலை ஊதுகிறவரும் சேர்ந்துகொள்வார், கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு ஆள் நினைவு தவறும்போது நாலு பேர் நினைவு தாங்குகிறது. மியூஸ்கள் ஏன் ஒன்பது பேர், ஏன் எப்போதும் கூட்டமாகவே வருகிறார்கள், ஏன் ஒரே மனசு என்று ஹெசியட் சொல்கிறார் என்று கேட்டால் என் பதில் இதுதான். அவர்கள் பின்பாட்டு.

ஒன்பது என்ற கணக்குக்கு முன்னால் மூன்று என்ற கணக்கும் இருந்திருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுக்கச் சுற்றி, பார்த்ததையும் கேட்டதையும் எழுதிவைத்த பௌசேனியஸ் என்பவர், ஹெலிகான் மலையில் முதன்முதலில் மியூஸ்களுக்குப் பூசை போட்டவர்கள் மூன்று பேரை மட்டும்தான் கும்பிட்டார்கள் என்று குறிப்பிடுகிறார். மெலெட்டே, நெமே, அயோடே. பயிற்சி, நினைவு, பாட்டு. எனக்கு இந்த மூவரைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. தாத்தா கூத்து கற்றுக்கொண்ட வரிசையும் இதேதான். அவருடைய வாத்தியார் ஒரு அடி சொல்வார், இவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாடம். மறுநாள் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலை ஏற்றம் ஓட்டிக்கொண்டே, மாடு முன்னால் போய்ப் பின்னால் வருகிற அந்த நடைக்கே அந்த அடியைச் சொல்லிச் சொல்லி உருப்போட வேண்டும். சாயங்காலம் போய் ஒப்பிக்க வேண்டும். சபையில் பாட விட்டது மூன்று வருஷம் கழித்து. நடுவில் நினைவு உட்காராமல் பயிற்சியிலிருந்து நேராகப் பாட்டுக்குத் தாண்ட முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மனம் என்ற சொல் வடமொழி மனஸ் வழியாக நமக்கு வந்தது. அந்த மனஸும் கிரேக்கர்களின் நெமோசினியும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை என்கிறார்கள் மொழியியலாளர்கள். நாம் மனப்பாடம் என்று சொல்லும்போதெல்லாம் அந்த அம்மாவின் தூரத்து உறவுக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்வதை மட்டமாகப் பேசிப் பழகிவிட்டோம், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஹெசியட் கதைக்கு வருகிறேன். அவர் பெரிய ஆள் இல்லை. ஹெலிகான் மலையடிவாரத்தில் அஸ்கிரா என்ற ஊர், குளிர்காலத்தில் மோசம், வெயில் காலத்தில் கொடுமை, எப்போதும் நல்லதில்லை என்று அவரே தன் ஊரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வெயில் காலத்தில் கொடுமை என்ற இடத்தைப் படித்தபோது வேலூரில் மே மாதம் நூலகத்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி ஆகிவிட்டார். அவர் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கும்போது மியூஸ்கள் வருகிறார்கள், முதலில் திட்டுகிறார்கள், வயிற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத இடையர்களே என்று. அப்புறம் லாரல் என்ற மரத்தின் கொம்பு ஒன்றை ஒடித்துக் கோலாகக் கொடுத்து, அவருக்குள் ஒரு குரலை ஊதிவிடுகிறார்கள். எழுதுகோல் இல்லை, ஏடு இல்லை. குரல்.

நமக்கும் இந்த மாதிரிக் கதை பக்கத்திலேயே இருக்கிறது. திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிப் பிடித்து, முத்தைத்தரு என்று அடி எடுத்துக் கொடுத்ததாகத்தான் காலங்காலமாகச் சொல்கிறோம். தெய்வம் முதல் அடியை மட்டும் கொடுக்கிறது, மிச்சம் அவர் பாடு. ஆனால் ஹெலிகானில் நடந்த ஒன்று நம் கதைகளில் எனக்குத் தெரிந்து எங்கும் நடக்கவில்லை. அந்த ஒன்பது பேரும் ஹெசியட்டிடம், உண்மை மாதிரியே இருக்கும் பொய்களைச் சொல்லவும் எங்களுக்குத் தெரியும், மனசு வைத்தால் உண்மையைச் சொல்லவும் தெரியும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். வரம் கொடுக்கும் தெய்வம் அதே வாயால் எச்சரிக்கையும் செய்கிறது. இதைப் பற்றிப் பல நாள் யோசித்தேன்.

பாரதம் வைக்கிற ஊரில் மத்தியானம் பிரசங்கம் நடக்கும். பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தையும் நல்லாப்பிள்ளை பாரதத்தையும் வைத்துக்கொண்டு பாட்டைப் படித்து அர்த்தம் சொல்வார். ராத்திரி அதே கதையைக் கூத்தில் ஆடுவார்கள், ஆனால் அதே கதையாக இருக்காது. பொன்னுருவி கர்ணனைப் போருக்குப் போக விடாமல் மறிக்கிற இடத்தில் தாத்தா ஒரு கால் மணி நேரம் நிற்பார். குழந்தை, வீடு, ஊரில் என்ன பேசுவார்கள், நேற்று ராத்திரி கண்ட கெட்ட கனவு, எல்லாம் வரும். அதில் பாதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது, அவரும் அவருக்கு முன்னால் ஆடினவர்களும் சேர்த்தது. இது உண்மையா என்று கேட்டால் தாத்தாவுக்குக் கோபம் வரும். "நடக்காதது நாலு ஊரு சனம் எப்படி அழும்?" என்பார். உண்மை மாதிரியே இருக்கும் பொய் என்று மியூஸ்கள் சொன்னதற்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை.

அழுகை என்று சொன்னதும் பிளேட்டோ எழுதிய அயோன் என்ற உரையாடல் ஞாபகம் வருகிறது. அயோன் காவியம் சொல்கிறவன், எபிடாரஸ் திருவிழாவில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு ஏதென்ஸுக்கு வந்திருக்கிறான். சாக்ரடீஸ் அவனிடம் ஒரு காந்தக்கல் உவமை சொல்கிறார். காந்தம் ஒரு இரும்பு வளையத்தை இழுக்கும், இழுபட்ட வளையத்துக்கும் காந்த சக்தி வந்து அது இன்னொன்றை இழுக்கும், இப்படியே சங்கிலியாகத் தொங்கும். மியூஸ்தான் காந்தம், புலவன் முதல் வளையம், அயோன் மாதிரிச் சொல்கிறவன் நடு வளையம், கேட்கிறவன் கடைசி வளையம். அயோனும் ஒத்துக்கொள்கிறான். சோகமான இடத்தில் என் கண்ணில் தண்ணீர் வரும், பயங்கரமான இடத்தில் மயிர் குத்திட்டு நிற்கும், மேடையிலிருந்து பார்த்தால் கூட்டமும் அப்படியே இருக்கும் என்கிறான்.

பகடைத் துகில் அன்றைக்கு எங்கள் ஊரில் நீங்கள் இருந்திருக்க வேண்டும். துச்சாதனன் சேலையில் கை வைக்கும் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷம் கட்டினவர் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். தாத்தா அன்றைக்குப் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான். திரௌபதி கிருஷ்ணனைக் கூப்பிடுகிற விருத்தம் ஆரம்பித்ததும் பெண்கள் பக்கத்தில் யாருக்காவது சாமி வந்துவிடும், ஒன்று, இரண்டு, அப்புறம் வரிசையாக. வளையத்தில் வளையம் தொற்றுவதை நான் ஏழெட்டு வயதிலேயே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பிளேட்டோவோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இப்படி நடப்பது முழுக்க தெய்வத்தின் இழுப்பு, இதில் தொழில் தெரிந்த திறமை ஒன்றும் இல்லை என்று சாக்ரடீஸ் அயோனை ஒத்துக்கொள்ள வைக்கிறார். அதே உரையாடலில் அயோன் இன்னொன்றும் சொல்லியிருக்கிறான். நான் மேடையிலிருந்து கூட்டத்தை நன்றாகக் கவனித்துக்கொண்டே இருப்பேன், அவர்கள் அழுதால்தான் எனக்குக் காசு என்கிறான். சாக்ரடீஸ் அதைக் கண்டுகொள்ளாமல் போனது தப்பு. தாத்தா சாமி வந்தவர் மாதிரித்தான் சபையில் நிற்பார், அவர் கண்ணைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். அதே நேரத்தில் மிருதங்கம் அரை மாத்திரை முந்திவிட்டால் திரும்பாமலே சலங்கைக் காலைத் தட்டிச் சரி செய்வார். தெய்வம் வந்த இடத்தில் தொழிலும் இருந்தது, இரண்டையும் ஒரே உடம்பில் பார்த்தவள் நான். மெலெட்டே என்று பயிற்சிக்கே ஒரு தேவி வைத்துக் கும்பிட்ட ஹெலிகான் மலைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் யூகோஸ்லாவியாவுக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்கள் ஆயிரக்கணக்கான அடிகளைப் பாடுவதை ஒலிப்பதிவு செய்தார். ஹோமரும் இப்படித்தான் பாடியிருக்க வேண்டும், வேகக்கால் அக்கிலிஸ், ரோஜா விரல் விடியல் என்று திரும்பத் திரும்ப வருகிற தொடர்கள் வாய்மொழிப் பாடகனின் கைப்பிடிகள் என்று அவர் காட்டினார். இலியட் மட்டும் 15,000 அடிக்கு மேல். இது எப்படிச் சாத்தியம் என்று அறிஞர்கள் நூறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டதைப் படிக்கும்போது, நம் பக்கத்துப் புரிசைக்கோ செய்யாறுக்கோ ஒரு ஆனி மாதம் வந்து நாலு ராத்திரி பாயில் உட்கார்ந்திருந்தால் பாதி கேள்வி தீர்ந்திருக்குமே என்று எனக்குத் தோன்றியது.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்துக்கு என் மகளைக் கூட்டிப்போயிருந்தேன். வாசலில் பெயரைப் பார்த்ததும், இது மியூஸ்களின் வீடு என்று அர்த்தம் என்றேன். மூசையான் என்பது மூலச் சொல். எகிப்தில் அலெக்சாண்டிரியா நகரில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தாலமி ராஜாக்கள் கட்டிய மூசையானில் கண்ணாடிப் பெட்டியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. படித்தவர்கள் சேர்ந்து தங்கி, சேர்ந்து சாப்பிட்டு, ஏடுகளை வைத்துக்கொண்டு வேலை செய்த இடம் அது, தலைவராக இருந்தவர் மியூஸ்களின் பூசாரி. மகள் உள்ளே ஒரு கற்சிலைக்கு முன்னால் நின்று, இதில் எது பாடும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பாடுகிறதை எங்கே வைப்பது?

அவள் இன்னொன்றும் கேட்டாள். தேவதைகள் எல்லாம் பொம்பளை, பாடுகிறவர்கள் எல்லாம் ஆம்பளையா? கிரேக்கத்தில் சாஃபோ என்று ஒரு பெண் புலவர் இருந்தார், அவரைப் பத்தாவது மியூஸ் என்றே சொல்லியிருக்கிறார்கள் என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. பாடுகிறவர்கள் வரிசையில் சேர்க்காமல் மறுபடி தேவதைகள் வரிசையில்தானே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். எங்கள் கூத்திலும் திரௌபதியை ஆம்பளைதான் கட்டினார். இன்றைக்குப் பெண்கள் கூத்து கற்று ஆடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் தனி. என் காலத்தில் அந்தப் பேச்சே இல்லை. நானும் என் பாட்டியும், ஆயா என்போம், பாயில் உட்கார்ந்து பார்த்தோம்.

ஆயாவைப் பற்றி இதுவரைக்கும் சொல்லவில்லை. ஆயா பீடி சுற்றுவார். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், பக்கத்தில் நூல்கண்டு. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பாடம் சொல்லிப் பார்க்கும்போது ஆயா உள்ளே நடையில் சுற்றிக்கொண்டிருப்பார். தலை நிமிராது, கை நிற்காது. ஆயா பாடி நான் கேட்டதே இல்லை, தாலாட்டுகூட அத்தைதான் பாடுவாள். நெமோசினியும் அப்படித்தான், தியோகனியில் அவள் ஒரு வரிகூடப் பாடுவதில்லை. பெற்றுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறாள்.

நெமோசினி மகள்களைப் பெற்ற இடத்தில் ஹெசியட் ஒரு வார்த்தை போடுகிறார். எதற்காகப் பெற்றாளாம் தெரியுமா, துன்பங்களை மறப்பதற்காக. நினைவு பெற்ற பிள்ளைகள் மறதியைக் கொடுக்கிறார்கள். புதுத் துக்கத்தில் நெஞ்சு காய்ந்துபோய் உட்கார்ந்திருப்பவன்கூட, ஒரு பாடகன் பழைய ஆட்களின் கதையை எடுத்துப் பாடினால் தன் கஷ்டத்தை அந்த நேரம் மறந்துவிடுவான் என்று விளக்கமும் சொல்கிறார். ஹெலிகான் மலை இருக்கிற அதே பியோஷியா பக்கத்தில் லெபடீயா என்ற ஊரில் குறி கேட்கப் போகிறவர்கள் இரண்டு ஊற்றில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பௌசேனியஸ் எழுதியிருக்கிறார். முதலில் மறதி ஊற்று, அதுவரை மனசில் இருந்ததெல்லாம் போக. அடுத்தது நினைவு ஊற்று, உள்ளே பார்க்கப்போவது தங்க.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் காரியத்தன்று ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள். தாத்தாவுக்கும் வைத்தோம். அவருடைய ஜமாதான் ஆடியது, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நைனா, என் அப்பா, பதினாறு நாளாக யாரோடும் சரியாகப் பேசவில்லை. களரி கட்டி, விநாயகர் துதி, சரஸ்வதி துதி முடிந்து, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து நாலு வார்த்தை பேசியதும் நைனா சிரித்தார். எனக்கு அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

பொன்னுருவி வேஷம் கட்டியது ஒரு சின்னப் பையன், இருபது வயது இருக்கும், தாத்தா கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது அவனுக்குத்தான். மறிக்கிற இடம் வந்தது. கெட்ட கனவைச் சொல்கிற பாட்டை அவன் எடுத்ததும் எங்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது, அது தாத்தா தானே கட்டிச் சேர்த்தது, வாத்தியாரிடம் உள்ள நோட்டில் இல்லாதது. தாத்தாவுக்காக அதைப் பாடுகிறான். மூன்று அடி வந்தது. நாலாவது அடியில் நின்றுவிட்டான். பின்பாட்டுக்காரர் மூன்றாவது அடியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். முகவீணை இழுத்தது. பையன் வாத்தியார் முகத்தைப் பார்த்தான், அவருக்கும் தெரியவில்லை. மறுபடியும் அதே அடி.

திண்ணையிலிருந்து ஆயா குரல் வந்தது. சத்தமாக இல்லை, ராகம்கூட முழுசாக இல்லை, பீடிக் கணக்கு சொல்கிற குரல்தான். அடி முழுசாக வந்தது. பையன் அதைப் பிடித்துக்கொண்டு பாடினான், பின்பாட்டுக்காரர்கள் திருப்பினார்கள், அவன் மறுபடி திண்ணைப் பக்கம் திரும்பினான், ஆயா அடுத்த அடியைச் சொன்னார்.